மூணாவது ஒயர் எதுக்கு?

மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போனவள், பேரப்பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் காரைக்குடி திரும்பினேன். காலை ரயில். பையைக்கூடச் சரியாக வைக்காமல் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனேன். அங்கே என் மருமகள் மெர்சி ஒரு பலகையின்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

எதிரே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து பொங்கி ஓரத்தில் ஏறியிருந்தது; தள்ளிவிட வேண்டும். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் சுற்றினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டாள். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். பிறகு, தூங்குகிற நாயைத் தாண்டுகிறவள் மாதிரி மெதுவாகக் கையை விட்டு மாவைத் தள்ளிவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“என்னடி இது கூத்து?” என்றேன்.

“வாங்கத்தை. ரயிலு லேட்டா?” என்றாள். பலகையை விட்டு இறங்கவில்லை.

நான் கிரைண்டரின் விளிம்பில் கை வைக்கப் போனேன். “அய்யோ அத்தை, தொடாதீக!” என்று அலறிவிட்டாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “பலகையில ஏறிக்கிட்டுத் தொடுங்க. லேசா சுர்ருங்கும், வேற ஒண்ணும் இல்ல” என்றாள்.

லேசா. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் நான் கேட்ட சொல் அதுதான்.

இந்தத் தொடரில் நான் வாராவாரம் யாரிடமாவது கோபித்துக்கொள்கிறேன் என்று சில வாசகர்கள் குறைபட்டிருக்கிறார்களாம். கொஞ்சம் தணித்து எழுதலாமே என்றார் ஆசிரியர், பக்குவமாக. இந்த வாரம் என்னால் ஆகாது.

சதுர்த்தி பார்க்கும் வேதக்காரர்கள்

எங்கள் வீட்டில் இட்லி மாவு வியாபாரம். பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்களுக்கு இட்லியும் தோசையும் சுட்டுப் போடும் கடைகள் சிலவற்றுக்கு எங்கள் மாவுதான் போகிறது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் சதுர்த்தி என்றைக்கு வருகிறது என்று எங்கள் தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டில் வந்துதான் கேட்பார்கள். அன்றைக்கு மாவு இரண்டு மடங்கு போக வேண்டும்.

வியாபாரத்தைத் தொடங்கியவர் என் கணவரின் அக்கா லூர்தம்மாள். நான் அத்தாச்சி என்று கூப்பிடுவேன். சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊர் தின்கிற மாவு அரைக்கிற இடம் என்பதால் கொட்டகைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது அவருடைய சட்டம். சிமெண்ட் தரை எப்போதும் கழுவிக் கழுவி ஈரமாகவே இருக்கும்.

என் கணவர் சூசைராஜ் ஒரு பெயிண்ட் கடையில் இருந்து ஓய்ந்தவர். வீட்டில் எது பழுதானாலும் வெளியே கொடுக்கவிடாமல் தானே பிரித்துப் போட்டுவிடுவார். பிரித்ததில் பாதி திரும்பச் சேரும். மிச்சத்துக்கு இன்சுலேஷன் டேப் இருக்கிறது. மகன் கோயம்புத்தூரில் வேலை செய்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறான். ஆக, நான் சென்னையில் இருந்த மாதங்களில் அந்த வீட்டில் இருந்தது அத்தாச்சி, என் கணவர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மெர்சி.

அந்தக் கிரைண்டர் மெர்சியோடு வந்தது. சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்ச்சாமானைப் பந்தலில் பரப்பி வைப்பார்கள்; வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அண்டாவைப் பார்ப்பார்கள். கண்டரமாணிக்கத்தில் விவசாயம் பார்க்கிற மெர்சியின் அப்பா அருளப்பன், எங்களுக்கு மாவு வியாபாரம் என்பதால், கடையில் இருப்பதிலேயே பெரிய கிரைண்டராகப் பார்த்து வாங்கினார். எவர்சில்வர் விளிம்பில் தன் பெயரையும் வெட்டிக் கொடுத்தார். ஆகவே அந்தக் கிரைண்டர் அடித்த ஒவ்வொரு அடியும் அருளப்பன் பெயரில்தான் அடித்தது.

இது உங்களுக்குப் புரிந்துவிட்டால் மெர்சி ஏன் என்னிடம் வாயைத் திறக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். கிரைண்டரைக் குறை சொன்னால் அப்பாவைக் குறை சொன்ன மாதிரி. ‘உங்க வீட்டுச் சாமானோட லட்சணம்’ என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அந்தப் பெண் கரண்டை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். தினமும் சென்னைக்குப் போனில் பேசினாள். குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா என்றெல்லாம் கேட்டாள். இதைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை.

காபியோடு ஒரு விசாரணை

அத்தாச்சியும் கணவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய்க் கேட்டேன்.

“கிரைண்டர் எப்பருந்து ஷாக் அடிக்குது?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?” என்றார் கணவர். “கிரைண்டருன்னா லேசா அடிக்கத்தான் செய்யும். தண்ணில பொழங்குற சாமான்ல. அதுக்குத்தான் பலகை செஞ்சு போட்டுருக்கு. நான் பொறங்கையால தொட்டுப் பாத்தேன், ஒண்ணும் பண்ணல.”

“எதுல நின்னு தொட்டீக?”

“பலகையிலதான்.”

அத்தாச்சி குறுக்கே வந்தார். “எனக்கு அவ்வளவா தெரியல ரெஜினா. அவளுக்குத்தான் ரொம்ப அடிக்குதுங்கிறா. ரத்தம் கம்மி. முருங்கைக்கீரை திங்கச் சொன்னா தின்னாத்தானே?”

பாருங்கள், கரண்டுக்கு எவ்வளவு விவரம்! மூத்தவர்களைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. வந்து ஒரு வருஷம் ஆகாத மருமகளைப் பார்த்தால் பிடித்துக்கொள்கிறது. உண்மை என்னவென்றால் அத்தாச்சி கிரைண்டர் பக்கமே போவதில்லை. உளுந்தை அளந்து கொடுப்பார். அரைத்த மாவுக்கு உப்புப் போடுவார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று விளிம்பைத் தொடுகிறவள் மெர்சி ஒருத்திதான்.

நான் போய் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். “குளிச்சுட்டு வந்து நானே பிரிச்சுப் பாக்குறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது” என்றேன்.

“நாளைக்குச் சதுர்த்தி” என்றார் அத்தாச்சி.

“இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? கடைக்காரவுகளுக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். ரயில் தூசியோடு ஈரத்தரையில் உட்கார்ந்து கரண்டு சாமானைப் பிரிக்க மனம் வரவில்லை.

சவரி சித்தி

என் பிறந்த ஊர் ஒக்கூர். அம்மாவின் தங்கை சவரியம்மாள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நல்ல உயரம். சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

சித்தி வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஒரு பல்பு உண்டு. அதற்குப் போகிற ஒயரைத் துணி காயப்போடுகிற கம்பியோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தனியாக ஒரு கம்பி எதற்கு என்ற சிக்கனம். வெயிலிலும் மழையிலும் ஒயரின் தோல் வெடித்துப் போனது. ஒரு மழைநாள் காலையில் சித்தி குளித்துவிட்டு வந்து, துவைத்த துணியைக் கம்பியில் போட்டாள்.

எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது சித்தியின் முகம் அல்ல. துணியிலிருந்து சொட்டிய நீலத்தண்ணீர். யாரும் அந்தத் துணிகளை எடுக்கவில்லை. எடுப்பதற்கு எல்லோருக்கும் பயம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. “ஈரச்சேலையோட போய்க் கம்பியத் தொடலாமா? புத்தி வேணாம்?” என்றாள் ஒருத்தி. “அவ விதி” என்றாள் இன்னொருத்தி. ஒயரைக் கம்பியில் சுற்றிய மனுஷன் அங்கேயேதான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தவள் ஈரமாகத்தான் இருப்பாள் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு நாதி இல்லை.

எனக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அழ வேண்டிய வயதில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது அப்படியே தங்கிவிட்டது.

ஒரு ஈடு மட்டும்

குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு கணம் என் காதை நானே நம்பவில்லை. அடுத்த கணம் தகரவாளி உருளுகிற சத்தம்.

ஓடினேன். மெர்சி கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பிடித்தபடி என்று எழுதுகிறேன். பிடித்திருந்தது அவள் அல்ல. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். என் கணவர் அவள் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு போனார்.

“தொடாதீக! அங்குட்டுப் போங்க!” என்று நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். நடையில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். கிரைண்டர் நின்றது. மெர்சி அப்படியே சரிந்து ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். நான் குளிக்கப் போனதும் அத்தாச்சி, “ஒரு ஈடு மட்டும் போட்டு எடுத்துரு. பலகையில நின்னுக்க” என்றிருக்கிறார். இவளும் போட்டிருக்கிறாள். மாவுக்குத் தண்ணீர் வேண்டும், வாளி எட்டவில்லை. இறங்கி வாளியைத் தூக்கியவள், ஈரத்தரையில் நின்றபடியே மறதியாக மறுகையை விளிம்பில் வைத்திருக்கிறாள். வேலை செய்கிற எவளும் அப்படித்தான் வைப்பாள்.

நான் அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது. அப்போது அத்தாச்சி கேட்டார்.

“பலகைய விட்டு ஏன்டி எறங்குன?”

ஒக்கூரில் கேட்ட அதே கேள்வி. சேலையும் பலகையும்தான் வேறு. நான் திரும்பி அத்தாச்சியிடம் சொன்னதை இந்த வார இதழில் அச்சிட முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிட்டேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கைக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள். “கொஞ்சம் தாமதிச்சிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது” என்றார் டாக்டர். என் கணவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொருவரும் அதையே சொன்னார்

மத்தியானம் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மெர்சியின் அப்பா அருளப்பன். யாரோ போனில் சொல்லிவிட்டார்கள், மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கிய உடனே இரண்டு கையையும் கூப்பினார்.

“தப்பா நெனைக்காதீக தங்கச்சி. கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான் போல. பழசத் தூக்கிட்டுப் போயி மாத்திக் கொண்டாந்துர்றேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. முந்தாநாளே அத்தாச்சி அவருக்குப் போன் போட்டிருக்கிறார். “நீங்க குடுத்த கிரைண்டர் ஆளப் போட்டுத் தள்ளப் பாக்குது, என்னான்னு கேளுங்க” என்று. காலையில் நடந்தது அவருக்குத் தெரியாது. சீரில் குறை என்று சொன்னதற்கே மனுஷன் போட்ட வேலையைப் போட்டபடி ஓடி வந்திருக்கிறார்.

கூடத்துக்குள் வந்தார். சத்தம் கேட்டு மெர்சி அறையிலிருந்து எழுந்து வந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

“என்னத்தா இது?”

“ஷாக் அடிச்சுருச்சுப்பா.”

அவர் அவள் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டார். அவர் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு அவர் சொன்னார்: “பலகை போட்டுத்தான் நிக்கணும்னு அன்னைக்கே உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேத்தா.”

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. “அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?”

“போன்ல சொல்லி அழுதா தங்கச்சி. வெளிய சொன்னா நம்மளத்தான் கேவலமாப் பேசுவாக, அனுசரிச்சுப் போத்தான்னு நாந்தான்...” என்று இழுத்தார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். யார் உடைத்தது என்றே தெரியாத ஒரு குடத்துக்காக இந்தப் பெண்ணை இரண்டு வீடும் சேர்ந்து கரண்டில் நிறுத்தி வைத்திருந்தது. அவளும் ஒருவரிடம் சொல்லித்தான் பார்த்திருக்கிறாள். பெற்றவரிடமே சொல்லியிருக்கிறாள்.

“அண்ணே” என்றேன், “உங்க பொண்ணு இன்னைக்குச் செத்திருப்பா. கேவலம் போயிருக்குமா அப்ப?” அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவமும் என் கோபத்தைக் குறைக்கவில்லை.

“கிரைண்டரு எங்கயும் போக வேணாம். எல்லாரும் கொட்டகைக்கு வாங்க” என்றேன்.

பச்சை

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்று முள் பிளக்கைக் கழற்றி மாட்டுவது எனக்கு வெங்காயம் உரிக்கிற மாதிரி. ஆனால் எங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் என் கணவரின் பெட்டியில், அந்தப் பெட்டியின் சாவி அவர் பூணாத பூணூல் மாதிரி அவர் கழுத்திலேயே கிடக்கும். அன்றைக்குக் கையை நீட்டினேன். சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கி, மெயினையும் அணைத்துவிட்டு, கிரைண்டரைச் சாய்த்தேன். ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில், அடிப்பக்கத்தில், கறுப்பாக ஒரு உருண்டை. இன்சுலேஷன் டேப். சுற்றிச் சுற்றிக் கொழுக்கட்டை அளவுக்கு இருந்தது. மாவுத்தண்ணீர் ஊறிப் புளித்த வாடை. பசை விட்டுப்போய், தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி இணைத்திருந்தது. சிவப்பின் செம்பு இழை ஒன்று டேப்பை விட்டு வெளியே நீட்டி, கிரைண்டரின் இரும்புக்காலில் உரசிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடி உடம்பு அதிரும்போது தொடும், அப்புறம் விலகும். லேசா சுர் என்றதும் அதுதான். கையைப் பிடித்து வைத்துக்கொண்டதும் அதுதான்.

பச்சை ஒயரைத் தேடினேன். இரண்டு முனையையும் ஒட்ட நறுக்கி, உள்ளே மடக்கி விட்டிருந்தது.

“இது யாரு பண்ணுனது?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் வர வேண்டும், அருளப்பன் காதில் விழ வேண்டும்.

கணவர் தொண்டையைச் செருமினார். “எலி கடிச்சு வச்சுருச்சு. நாந்தான் வெட்டி ஒட்டுனேன். முதல்ல மூணையும் ஒட்டத்தான் செஞ்சேன். சுவிட்சப் போட்டா ட்ரிப் ஆகிக் கீழ விழுது. பச்சைய எடுத்துட்டுப் போட்டா ஓடுது. கரண்டு வாரது சிவப்புல, போறது கறுப்புல. மூணாவது ஒயர் எதுக்கு?”

மூணாவது ஒயர் எதுக்கு. பாவி மனுஷா, அது ஒன்றுதான் அன்றைக்கு அந்த வீட்டில் உண்மை பேசியது. சிவப்பு இரும்பைத் தொடும்போதெல்லாம் பச்சை அந்தக் கரண்டை மண்ணுக்கு இழுத்து, சுவிட்சை விழவைத்து, இங்கே ஆபத்து இருக்கிறது என்று கத்தியிருக்கிறது. இவர் என்ன செய்தார்? திருடன் வந்தால் நாய் குரைக்கிறது. குரைப்பது தொந்தரவாக இருக்கிறது. நாயை அடித்துப் போட்டுவிட்டுத் திருடனோடு படுத்துத் தூங்கினார். அடுத்து அடிபட்டவளுக்கு ரத்தம் கம்மி என்று வைத்தியம் சொன்னார்கள்.

இதையெல்லாம் நான் அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புதிய மூன்று இழை ஒயரும் பிளக்கும் வாங்கி வந்திருந்தேன். பழசை அடியோடு கழற்றி எறிந்தேன். கடித்த ஒயரை ஒட்டவே கூடாது, அதுவும் தண்ணீர் புழங்குகிற இடத்தில். புதிய ஒயரின் மேல்தோலை வட்டமாகக் கீறி உரித்தேன். மோட்டார் பெட்டிக்குள் சிவப்பையும் கறுப்பையும் அதனதன் இடத்தில் திருகினேன். பச்சையை இரும்புச்சட்டத்தில் வாஷர் போட்டு இறுக்கினேன். ஒயரைப் பிடித்துக்கொள்கிற கவ்வியை முறுக்கி, இழுத்துப் பார்த்தேன். பிளக்கில் பச்சையை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டேன். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாகப் பிய்வது அதுவாக இருக்க வேண்டும்.

சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டையும் நான் நம்பவில்லை. மெயினைப் போட்டு, ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் மாட்டி, கரண்டு துளைக்கும் எர்த் துளைக்கும் கொடுத்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மண்ணுக்குப் போகிற பாதை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதைச் சேரத்தான் ஒயரை விட்டுவைக்கவில்லை.

பிறகு கிரைண்டரை ஓடவிட்டு விளிம்பில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அடியில், காலில், மூடியில், எங்கே வைத்தும் எரியவில்லை.

“அப்ப கிரைண்டர்ல ஒரு குத்தமும் இல்லையா தங்கச்சி?” என்று கேட்டார் அருளப்பன்.

“ஒரு குத்தமும் இல்லண்ணே. தங்கமான கிரைண்டரு.”

அந்த மனுஷன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது போதும்” என்றார். என் கணவரைப் பார்த்து, “நீங்க மனசுல வச்சுக்கிறாதீக சம்பந்தி. எலி கடிச்சா யாரு என்ன செய்ய முடியும்?” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் வாயைத் திறக்கவில்லை. கேட்க வேண்டாதவர் காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். “நீங்க சொல்ல வேண்டியத சொல்லுங்க” என்று கணவரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்து, “தெரியாமப் போச்சு சம்பந்தி” என்றார். மெர்சி இருந்த பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம்

அருளப்பன் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வந்தபோது இருந்த கூனல் இல்லை. வாசலுக்குப் போய் நின்று மகளைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, நான் வரட்டா? எல்லாம் சரியாயிருச்சு. பாத்துச் சூதானமா இருந்துக்க.”

மெர்சி உள்ளேயிருந்து வந்தாள். கட்டுப் போடாத கையில் ஒரு பை இருந்தது.

“கிரைண்டரு சரியாயிருச்சுப்பா” என்றாள். “நான் உங்ககூட வாரேன்.”

அருளப்பன் பதறிப்போனார். “என்னத்தா பேசுற? நாலு பேரு என்ன நெனைப்பாக?” அத்தாச்சி, “நாளைக்குச் சதுர்த்திய வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெர்சி என்னைத்தான் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. நீங்களும் ஏதாவது சொல்லப் போகிறீர்களா என்று கேட்கிற பார்வை.

நான் பையை வாங்கி லோடு ஆட்டோவின் முன்சீட்டில் வைத்தேன். “உனக்கா எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. நாங்க யாரும் வந்து கூப்பிட மாட்டோம்” என்றேன். மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

உள்ளே வந்தோம். ஊறவைத்த அரிசியும் உளுந்தும் அப்படியே கிடந்தன.

“இப்ப இத யாரு அரைக்கிறது?” என்றார் கணவர்.

“நீங்கதான்.”

கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். உளுந்தைப் போட்டார், சுவிட்சைத் தட்டினார். கிரைண்டர் ஓடியது. மாவு பொங்கி ஓரத்தில் ஏற ஆரம்பித்தது. அவர் கையை நீட்டினார். விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. மறுபடி நீட்டினார், மறுபடி நின்றது. நெற்றி வேர்த்திருந்தது.

“சரியாயிருச்சுல்ல?” என்று கேட்டார்.

“நீங்களும்தான பாத்தீக.”

“இல்ல... நீ ஒருக்கா தொட்டுக் காமி.”

நான் தொட்டுக் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தொடுகிறவரை நின்றேன்.